அஞ்சலையின் குரலைப் பற்றி உன்னிடம் மறைத்தது

நீ அடுத்த வியாழக்கிழமை ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாய் என்று அம்மா சொன்னாள். நீ என்னிடமும் போனில் சொல்லியிருப்பாய், எனக்குத்தான் காதில் விழுந்திருக்காது. போனில் உன் குரல் எனக்குப் பாதிதான் வருகிறது. மீதியை உன் அம்மாவின் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். அரிசி மில்லில் இருந்தவரை கூட வேலை செய்தவர்களுக்கு லீவு லெட்டரும் தாலுகா ஆபீசுக்கு மனுவும் எழுதிக் கொடுத்தவன் நான். எனக்கென்று ஒரு கடிதம் இதுவரை எழுதியதில்லை. இதை மூன்று நாளாக எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுதினால் களைப்பு வந்துவிடுகிறது, பேனாவை மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். அறுபத்திரண்டு வயதுக்கு இவ்வளவு அலுப்பு கூடாது என்கிறாள் அம்மா. கூடாதுதான். வந்துவிட்டது, என்ன செய்ய. நேரில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். நீ வந்தால் பெட்டி கட்டுவாய், அம்மா அதில் ஊறுகாய் பாட்டிலைத் திணிப்பாள், நீ வேண்டாம் என்பாய், அந்தச் சிரிப்பில் நான் வாயைத் திறக்காமல் உன்னை வழியனுப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

முதலில் உனக்குத் தெரிந்த தவறிலிருந்து தொடங்குகிறேன். நீ காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும்போது உன் அறையில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி வைத்திருந்தாய். நான் பன்னிரண்டு மணிநேரம் மில்லில் நின்றுவிட்டு, வாலாஜாபாத்தில் பஸ் பிடித்து, சாலவாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து சைக்கிள் மிதித்து வந்தால் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வரும். யாரோ பெரிய அண்டாவுக்குள் வாயை வைத்து மூச்சு விடுவதுபோல ஒரு முனகல். அதற்கு அடியில் நிதானமாக ஒரு மேள அடி. அரைமணி நேரம் ஆனாலும் அது எங்கேயும் போகாது, அங்கேயே நிற்கும். "இன்னாடா இது? பாட்டும் இல்ல, பேச்சும் இல்ல. அடுத்த ஊர்ல சாவு மோளம் அடிக்கிற மாதிரி கீது" என்று கத்தினேன். நீ எழுந்து நின்று பொறுமையாகத்தான் பதில் சொன்னாய். "நைனா, இது பாட்டு இல்ல. உள்ள போயி சும்மா ஒக்காந்துக்கினு கீற எடம் மாதிரி." எனக்கு அதில் 'சும்மா' என்ற ஒரு வார்த்தைதான் விழுந்தது. நாள் முழுக்க நின்றவனிடம் சும்மா உட்காருவதைப் பற்றிச் சொன்னால் என்ன ஆகும்? ஒயரைப் பிடுங்கினேன். பெட்டி இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் ஆட்டுக் கொட்டகையில் போட்டேன். அன்று மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் நீ அவற்றைப் பழைய லுங்கியால் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதன்பிறகு காதில் மாட்டிக்கொள்வதற்கு மாறிவிட்டாய். ஒரகடத்தில் வேலை கிடைத்து ரூம் எடுத்துப் போகும்வரை இந்த வீட்டில் உன் சத்தம் கேட்கவே இல்லை.

நான் வேலையை விட்டது காதுக்காக என்று உனக்குத் தெரியும். எவ்வளவு மோசம் என்று தெரியாது. இருபத்தெட்டு வருடம் அந்த மெஷின்களுக்கு நடுவில் நின்றவன். மில்லை விட்டு வந்த பிறகும் என் காதில் ஒன்று நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரம் சில்வண்டு ஒரே மூச்சில் கத்துவதுபோல. சாப்பிடும்போதும் அதுதான், சாமி கும்பிடும்போதும் அதுதான். காஞ்சிபுரத்தில் காது டாக்டர் பார்த்துவிட்டு, "நரம்பு தேஞ்சிடுச்சி, பெரியவரே. இரைச்சல் போவாது. பழகிக்கணும்" என்றார். பழகிக்கொள்வது என்பது தூங்காமல் இருப்பதுதான் என்று வீட்டுக்கு வந்த பிறகு புரிந்தது. உன் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். ஆடுகளிடம்கூட எரிந்து விழுந்தேன். நீ போன் செய்தால் நல்லா இருக்கேன் என்று சொன்னேன்.

அந்த வருடம் தீபாவளிக்கு நீ வந்தபோது, அதே மாதிரி நீயே செய்த சத்தம் ஒன்றை அம்மாவின் போனில் போட்டுவிட்டுப் போனாய். நீ எனக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காததற்குக் காரணம் ஆட்டுக் கொட்டகை என்று எனக்குத் தெரியும். நீ போன நாலாவது நாள், மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் சில்வண்டு. அம்மா வந்து அந்தப் போனின் ஒயரை என் இரண்டு காதிலும் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். முதலில் எனக்குப் பழைய கோபம்தான் வந்தது. பிறகு என்ன நடந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த அடிச்சத்தம் கீழேயிருந்து மெதுவாக ஏறியது. என் காதில் இருந்த இரைச்சலை அது விரட்டவில்லை, அமுக்கவில்லை. ஏரிக்குள் கால்வாய்த் தண்ணீர் வந்து சேர்ந்தால் எது கால்வாய், எது ஏரி என்று தெரியாது இல்லையா, அப்படித் தனக்குள் சேர்த்துக்கொண்டது. நடந்து நடந்து களைத்தவன் கால் எடுத்து வைப்பதுபோல மேளம். தூரத்தில் தவளை. எங்கோ தகரத்தில் மழை. கண் விழித்தபோது அம்மா விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். நான்கு மணிநேரம் தூங்கியிருந்தேன்.

அதன்பிறகு தினமும் மத்தியானம் அதைக் கேட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. உன்னைத் திட்டிய வார்த்தைகளுக்கெல்லாம் பிறகு, எனக்கு இது பிடித்திருக்கிறது என்று சொல்ல நாக்கு எழவில்லை. இப்போது சொல்கிறேன். நம் ஊரில் எல்லாச் சத்தமும் ஏதாவது கேட்கிறது. கோயில் மைக்கு வா என்கிறது. பஸ் ஹாரன் ஒதுங்கு என்கிறது. டிவியில் அழு என்கிறார்கள், சிரி என்கிறார்கள். சினிமாப் பாட்டு நம் பழைய நாளையெல்லாம் ஞாபகப்படுத்திக்கொள் என்கிறது. நீ செய்தது என்னிடம் எதையும் கேட்கவில்லை. அதில் யாரும் யாரையும் காதலிக்கவில்லை, ஜெயிக்கவில்லை. நான் அதைக் கவனிக்க வேண்டும் என்றுகூட அதற்கு இல்லை. களைத்துப்போனவனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன? அதன் அடியில் ஓடும் அந்தக் கனத்த ஓசை எதுவென்று உன் அம்மா உன்னிடம் கேட்டுச் சொன்னாள். மில்லில் உமி ஊதும் காற்றாடியின் சத்தத்தைப் பதிவு செய்து பத்து மடங்கு நிதானமாக்கினாயாம். என் காதைக் கெடுத்த சத்தத்தையே மெதுவாக்கி என்னிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறாய்.

நடுவில் ஒரு பெண் குரல் வருகிறது. வார்த்தை தெளிவாக இல்லை, ஒரு இழுப்பு, அது மேலே போய்க் கொஞ்சம் நடுங்கி நிற்கிறது, பிறகு மறுபடியும் முதலிலிருந்து. இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, அஞ்சலை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருளர் குடியிருப்பில் இருப்பவள். இருபது வருடத்துக்கு மேலாக நம் நிலத்தில் நடவுக்கும் களைக்கும் வருகிறாள். அவள் பாடுகிறவள் என்பதே உன் பாட்டு வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது. வரப்பில் நின்று, நான் சீக்கிரம் ஆகட்டும் என்று சொன்ன நேரத்திலெல்லாம் அவள் பாடிக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

நீ அதைப் பதிவு செய்த நாளும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தத் தீபாவளிக்கு முந்தின மாசியில், நவரைப் பட்டத்துக் களையெடுப்பு. அதே வாரம்தான் மில்லிலும் பதிவு செய்தாய். மில் முதலாளியிடம் நீ எத்தனை தடவை அனுமதி கேட்டாய் என்று யோசித்துப் பார். போனில் கேட்டாய், நேரில் போய்க் கேட்டாய், ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினாய், முடிந்ததும் போய் நன்றி சொன்னாய். நான் பெருமைப்பட்டேன், பிள்ளை முறையோடு செய்கிறான் என்று. அஞ்சலையிடம் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, உனுக்குத் தெரிஞ்சதுலயே ரொம்பப் பழசா எதுனா பாடுக்கா" என்றாய். அவள் சிரித்தாள். பாடினாள். அவ்வளவுதான். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நானும் அன்று பக்கத்தில்தான் நின்றேன், இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கும் தெரியவில்லை.

போன வருடம் பொங்கலுக்கு வந்தபோது அவள் காதில் ஒயரை வைத்து அதைக் கேட்கச் செய்தாய். வீட்டுக்கு வந்து, "அக்கா அப்டியே ஆடாம அசையாம நின்னுட்டாங்க நைனா. மெய்மறந்துட்டாங்க" என்று சொன்னாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். மறுநாள் காலை பஸ்ஸுக்கு உன்னை ஏற்றிவிட்டு வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அஞ்சலை நம் வாசலில் நின்றாள்.

"தம்பி போயிட்டாரா ஐயா?" என்றாள்.

"போயிட்டான். இன்னா?"

"தம்பிகிட்ட ஒண்ணு சொல்லணும். ஆசையா கேக்க வெச்சிது, மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வர்ல." தலைமுந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். "நான் பாடுனது எங்க சாமி கன்னியம்மாவக் கூப்புடுற பாட்டு. அதுல கூப்புடுற எடத்த மட்டும் வெட்டி வெச்சிக்கீது தம்பி. திருப்பித் திருப்பிக் கூப்டுக்கினே கீது. வந்தவள அனுப்பவே இல்ல. அன்னிக்கு நான் பாடுனதுக்கு அன்னிக்கே வரப்புல தண்ணி உட்டு, போயிட்டு வாம்மான்னு பாடி அனுப்பிட்டேன். இப்ப மிஷின் கூப்புடுதே, அதுக்கு யாரு அனுப்புறது? ஒருத்தர வூட்டுக்கு வான்னு கூப்ட்டு, ஒக்காருன்னும் சொல்லாம, போயிட்டு வான்னும் சொல்லாம, வாசல்லயே நிக்க வெச்சா நல்லாவா கீது?"

அவள் நம் வாசலில்தான் நின்றிருந்தாள். நான் உட்கார் என்று சொல்லவில்லை. அது இந்தக் கடிதம் எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

"இப்ப நான் இன்னா பண்ணணும்?" என்றேன்.

"அத்த எடுத்துடச் சொல்லுங்க ஐயா. அதுவரிக்கும் நான் தெனம் காலைல தண்ணி உட்டு அனுப்பிக்கினு கீறேன். எங்கெங்க கூப்புடுதோ, எனுக்கு எப்டித் தெரியும்."

"சொல்றேன், போ" என்றேன்.

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு நான் எனக்கே ஒரு நல்ல காரணம் வைத்திருந்தேன். ஒரு தடவை உன் ஒயரைப் பிடுங்கியவன், இன்னொரு தடவை பிடுங்கக் கூடாது என்பது அது. நீ நெட்டில் போட்ட அந்தப் பாட்டுக்காக உன்னை யாரெல்லாமோ தேடி எழுதுகிறார்கள், உன் சிநேகிதர்கள் கொண்டாடுகிறார்கள் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்த நேரம். பிள்ளைக்கு முதல் முதலாக ஒன்று கூடி வருகிறது, இந்த இருளச்சி எதையோ நினைத்துக்கொண்டு சொல்கிறாள், அதற்காக அவன் மனசைக் கெடுப்பதா என்று நினைத்தேன். ஆம், அந்த வார்த்தையில்தான் நினைத்தேன். அதையும் மறைக்கப்போவதில்லை. ஆனால் உண்மையான காரணம் அதற்கு அடியில் இருந்தது. நீ அதை எடுத்துவிட்டால் நான் மத்தியானம் எப்படித் தூங்குவேன்?

மாசியில் அவள் மறுபடியும் வந்தாள். "தம்பிகிட்ட சொன்னீங்களா ஐயா?" என்று கேட்டாள். அன்று தலை வலித்துக்கொண்டிருந்தது. இந்தப் பேஜார் இன்றோடு ஒழியட்டும் என்று, "சொல்லிட்டேன் அஞ்சல, எடுத்துட்டான்" என்றேன். அவள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். மறுநாள் கால்வாயில் பிடித்த வயல் நண்டு ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மாவுக்கு அப்போது நெஞ்சுச் சளி. நண்டு ரசம் வைத்தாள். நானும் இரண்டு கிளாஸ் குடித்தேன். குடித்துவிட்டு, ஒயரை மாட்டிக்கொண்டு படுத்தேன். தூக்கம் வந்தது. பொய் சொன்னவனுக்குத் தூக்கம் வராது என்பார்கள். எனக்கு வந்தது, ஒன்றரை வருடம் தினமும் வந்தது.

போன மாதம் மூன்றாவது தடவை வந்தாள். அவள் பெண் வாலாஜாபாத் பக்கம் செங்கல் சூளையில் இருக்கிறாள். அங்கே யாரோ போனில் வீடியோ பார்த்திருக்கிறார்கள். ஏதோ வெளிநாட்டு மலை, பனி, அதன்மேல் இந்தக் குரல். பெண் ஓடிப்போய்ப் பார்த்து, இது எங்கம்மா கொரலு என்று சொல்லியிருக்கிறாள். யாரும் நம்பவில்லை. அவள் வந்து தாயிடம் சொல்லியிருக்கிறாள். அஞ்சலை நம் வாசலில் நின்றபோது அம்மாவும் உள்ளேயிருந்து வந்துவிட்டாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன்யா எடுத்துட்டான்னு சொன்ன?" என்றாள். இருபது வருடத்தில் முதல் தடவையாக நீங்க போய் நீ வந்தது. "முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் போயிருப்பேன். எங்களுக்கு இல்லன்னு கேட்டுப் பழக்கம்தான். தெனம் காலைல எழுந்து தண்ணி உட்டுக்கினாவது இருந்திருப்பேன். நீ எடுத்துட்டான்னு சொன்னதும் நிறுத்திட்டேனே. ஒன்ற வருஷமா ஊரு ஊராக் கூப்ட்டுக்கீது, அனுப்ப ஆளு இல்ல. கேட்டதுலேர்ந்து எனுக்குக் கண்ணு மூடல."

அவள் போய்விட்டாள். அம்மா என்னைப் பார்த்து, "அவ குடுத்த நண்ட நான் தின்னனே" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு இரண்டு நாள் சோறு போட்டாள், பேசவில்லை. அன்று மத்தியானம் வழக்கம்போலப் படுத்து ஒயரை மாட்டினேன். அந்தக் குரல் வந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவளை ஏமாற்றித்தான் நான் இவ்வளவு நாளாகத் தூங்கியிருக்கிறேன். கன்னியம்மா வருகிறாளா, வந்து நிற்கிறாளா, எனக்குத் தெரியாது. எனக்கு நம்பிக்கை உண்டா என்று நீ கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒரு பெண் தூங்கவில்லை, அதற்குக் காரணம் நான். இதை நம்புவதற்கு எந்தச் சாமியும் வேண்டியதில்லை. அம்மாவிடம் சொல்லி அதைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

அதன்பிறகும் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரையைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போனேன். ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறேன், தெருமுனையில் நின்று சத்தம் கொடுத்திருக்கிறேன், அந்த வாசலுக்குப் போனதில்லை. பாதி கட்டி நின்ற வீடு, மேலே தார்ப்பாய். அவள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவந்து போட்டாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக இதை எழுதவில்லை. அறுபத்திரண்டு வயதில்தான் செய்தேன் என்று எழுதுகிறேன்.

"நான் பொய் சொல்லிட்டேன் அஞ்சல. எம் புள்ளைக்கு இது ஒண்ணியும் தெரியாது. அவன் மேல தப்பு இல்ல" என்றேன்.

அவள் அடுப்பில் எரிந்த சுள்ளியை உள்ளே தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அதுல யாரு பாடுறதுன்னு எழுதிக்கீதா?" என்று கேட்டாள்.

அம்மா எனக்குப் படித்துக் காட்டியதை அப்படியே சொன்னேன். "டிரைபல் வாய்ஸுன்னு போட்டுக்கீது."

"டிரைபல்னா?"

"உங்களத்தான்."

"எங்கள்ள யாரு?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். அவள் கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவள் தெருவில் பதினேழு வீடு இருக்கிறது, அவளுக்கு அவர்களெல்லாம் தனித்தனி ஆள். என் அவசரத்தில் நான் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். போனை எடுத்து, "அனுப்புற பாட்ட இப்பவே பாடிடு. நான் இதுல புடிச்சி அவனுக்கு அனுப்பிடறேன், கடைசில சேத்துடுவான்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். களையெடுப்பின்போது உன்னிடம் சிரித்த சிரிப்பு இல்லை. "நீயும் தம்பி பண்ணதையேதான் பண்ற ஐயா" என்றாள். நான் போனைப் பைக்குள் போட்டேன்.

பிறகு அவள் சொன்னதை உனக்கு மாற்றாமல் எழுதுகிறேன். "தம்பி நேரா வரட்டும். எங்கெங்க போட்டுக்கீதுன்னு எங்கிட்ட சொல்லட்டும். கேட்டுட்டு, அனுப்புறத நான் பாடுறேன். புடிச்சிக்கலாமா வேணாமான்னு அப்பத்தான் சொல்லுவேன். வேணாம்னு சொன்னா எல்லாத்தையும் எடுத்துடணும். வெச்சிக்கோன்னு சொன்னா எம் பேரு போடணும். அதான்."

நீ ஜெர்மனியில் வாசிக்கப்போவது அந்தப் பாட்டுதான் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டார்கள் என்றும் தெரியும். புறப்பட ஒரு வாரம்கூட இல்லாதபோது இதைச் சொல்கிற தகப்பனை நீ என்னவென்று நினைப்பாய் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன் சொல்லியிருந்தால் உனக்கு இந்த நெருக்கடி இல்லை. இது என் கையால் உனக்கு வந்தது. ஸ்பீக்கரை நனையவிட்டதைவிட இது பெரிய கெடுதல்.

புத்தி சொல்கிற வயசு எனக்கு வந்துவிட்டது, யோக்கியதை வரவில்லை. ஆனாலும் இரண்டு சொல்கிறேன். நீ செய்கிற வேலை வீண்வேலை இல்லை. ஊரில் பாதிப் பேர் என்னைப் போலத்தான் இருக்கிறார்கள், சூளையிலும் மில்லிலும் கம்பெனியிலும் நின்று காதும் உடம்பும் தேய்ந்தவர்கள். அவர்களிடம் எதுவும் கேட்காத ஒரு சத்தத்தை நீ செய்யத் தெரிந்தவன். அதை விட்டுவிடாதே. அந்தக் குரல் இல்லாமலும் உன்னால் செய்ய முடியும் என்று நினைக்கிறேன், முடியாவிட்டாலும் அதற்காக அவளைத் தூங்காமல் வைக்க முடியாது. இரண்டாவது, மில் முதலாளியிடம் எத்தனை தடவை கேட்டாயோ அத்தனை தடவை எல்லோரிடமும் கேள். சிரித்துக்கொண்டே சரி என்கிறவர்களிடம் இன்னும் ஒரு தடவை கூடக் கேள். நம்மிடம் முடியாது என்று சொல்லிப் பழகாதவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். காதில் கேட்டுவிட்டு அசையாமல் நிற்கிறவர்கள் எல்லோரும் மெய்மறந்து நிற்பதில்லை.

இப்போது எனக்குத் தூக்கம் இல்லை. சில்வண்டு திரும்பிவிட்டது. அதை உன்னைக் கலங்கடிக்க எழுதவில்லை, அம்மா எப்படியும் சொல்லிவிடுவாள், அதற்கு முன் நானே சொல்கிறேன். டாக்டர் சொன்ன மாதிரி பழகிக்கொள்கிறேன். இந்தத் தடவை நிஜமாக.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அஞ்சலைக்கு வேலை இல்லை. காலையில் வருவாய் என்று உன்னைக் கேட்காமலே அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். "வந்தா பாக்கலாம்" என்றாள், என் சொல்லுக்கு இப்போது அவ்வளவுதான் மதிப்பு. சனிக்கிழமை வந்துவிட்டாய் என்றால் காலையில் இரண்டு பேரும் நடந்தே போகலாம். நீ வாயைத் திறப்பதற்கு முன் நான் பேசுகிறேன், பொய் என்னுடையது. கம்பெனியில் லீவு இல்லை, விசா வேலை இருக்கிறது, அல்லது உனக்கு மனசே இல்லை, எதுவானாலும் சரி, வர முடியாது என்றால் அம்மாவிடம் போனில் சொல்லிவிடு. சும்மா ஒரு சாக்கு வேண்டாம், எது உண்மையோ அதைச் சொல். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஏரிக்கரையைத் தாண்டிப் போய், அவள் எதிரில் நின்று, அவன் வரவில்லை என்று சொல்லிவிட்டு வருகிறேன்.